முதலில் மட்டம், அப்புறம் அறை

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீடு கட்டப் போகிறவர்களுடையவை. அவற்றிலும் பாதிக்கு மேல் மேடு பள்ளமான மனையைப் பற்றியவை. பெரிய காஞ்சிபுரத்திலிருந்து வந்த ஒரு கேள்வியை முதலில் எடுத்துக்கொண்டேன். குடும்ப விஷயம் என்பதால் பெயர்களை விட்டுவிட்டு ஊரையும் தொழிலையும் மட்டும் தருகிறேன்.

கடைக்காரர், ராஜ வீதி, பெரிய காஞ்சிபுரம்
கேள்வி: நம் ஊர் சமதரை. சரிவு மனை என்பதெல்லாம் மலைக்காரர்கள் கவலை இல்லையா?

பதில்: சமதரை என்று கண் சொல்கிறது, மழைத்தண்ணீர் அதை ஒப்புக்கொள்வதில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 83 மீட்டர் உயரத்தில் இருக்கும் காஞ்சிபுரம், தெற்கிலும் கிழக்கிலும் சாய்ந்த ஊர். அந்தச் சாய்வை நம்பித்தான் வேகவதி ஓடுகிறது, மஞ்சள் நீர் கால்வாய் நத்தப்பேட்டை ஏரியைத் தேடிப் போகிறது. 60 அடி நீள மனையில் இரண்டடி இறக்கம் இருந்தால் நின்று பார்த்துக் கண்டுபிடிக்க எவராலும் முடியாது. ஒரு டியூப் லெவல், இரண்டு ஆட்கள் போதும். மனையின் நான்கு மூலை, நடுப்பகுதி, எதிரே சாலையின் நடுமுதுகு, பக்கத்து வீடுகளின் வாசற்படி, தெருவில் இருக்கும் பாதாளச் சாக்கடை மூடி, எல்லாவற்றின் மட்டத்தையும் ஒரே தாளில் குறித்து வாங்குங்கள். எத்தனை படுக்கையறை என்ற பேச்சை அந்தத் தாள் கைக்கு வந்த பிறகு தொடங்கலாம்.

பள்ளி ஆசிரியை, ஓரிக்கை
கேள்வி: வேகவதிக்கு அந்தப் பக்கம் ஒரு கிரவுண்டு மனை வாங்கியிருக்கிறோம். முன்பக்கம் 40 அடி, நீளம் 60 அடி. சாலையிலிருந்து பின்னால் போகப் போக நான்கடி இறங்குகிறது. "சவுடு அடித்து மனை முழுவதையும் சாலை மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடலாம், அப்புறம் எந்தத் தொல்லையும் இல்லை" என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா, சார்?

பதில்: செய்யலாமா என்று முடிவெடுக்கும் முன் கணக்குப் போட்டுவிடுவோம், அம்மா. முன்னால் பூஜ்யம், பின்னால் நான்கடி என்றால் சராசரி இரண்டடி. 2,400 சதுர அடிக்கு 4,800 கன அடி, அதாவது 48 யூனிட். அதன் மேல் 30க்கு 40 வீட்டுக்கு ஒன்றரை அடி பேஸ்மட்டம் நிரப்ப இன்னும் 18 யூனிட். மொத்தம் 66. இது இறுகிய மண்ணின் கணக்கு. லாரியில் வருவது உதிரி மண், கால் பங்கு கூடுதலாக வேண்டும். மூன்று யூனிட் டிப்பர் என்றால் 28 லோடு வரை ஆகும்.

இரண்டாவது வழி: மனையை அப்படியே விட்டுவிட்டு, வீடு நிற்கும் இடத்தில் மட்டும் பேஸ்மட்டத்தை உயர்த்துவது. முன்னும் பின்னும் பத்தடி விட்டுக் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், வீட்டின் முன்சுவரில் பேஸ்மட்டம் இரண்டடிக்குச் சற்று மேல் வரும், பின்சுவரில் ஏறக்குறைய ஐந்தடி. உள்ளே நிரப்ப வேண்டியது 42 யூனிட்.

மூன்றாவது வழி: வீட்டையே இரண்டு மட்டமாகப் பிரிப்பது. வாசல், கூடம், பூஜையறை முன்மட்டத்தில். சமையல், சாப்பாடு, பின்கட்டு இரண்டடி கீழே. நடுவில் அரையடி உயரத்தில் நான்கு படி. அப்போது 30 யூனிட்டே போதும். பின்கட்டுக்குத் தானாகவே உயரமான கூரை கிடைக்கும், காற்றும் வெளிச்சமும் கூடும்.

இந்த 66, 42, 30 என்ற மூன்று எண்ணையும் மேஸ்திரியிடம் காட்டுங்கள். மண் விலை அதில் சின்னப் பகுதிதான். மனை முழுவதையும் மேடாக்கினால் பின்எல்லையில் நான்கடி மண்ணைத் தாங்க ஒரு சுவர் வேண்டும், அந்தச் செலவை யாரும் முதலில் சொல்வதில்லை. கொட்டிய மண் ஓரிரு மழைக்காலம் இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதையும் சொல்வதில்லை. அரையடி கனத்துக்குப் பரப்பி, தண்ணீர் விட்டு, இடித்து, அதன் மேல் அடுத்த அரையடி என்று போனால்தான் மண் இறுகும். 28 லோடையும் ஒரே வாரத்தில் கொட்டி மேலே ஜேசிபியை ஓட்டினால் மேல் ஓரடி மட்டும் கெட்டியாகும்.

எந்த வழியில் போனாலும் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தூண்களின் அடித்தளம் நிரப்பிய மண்ணைத் துளைத்து இயற்கையான கெட்டித் தரை வரை போக வேண்டும், எல்லாத் தூண்களையும் பிளிந்த் பீம் இணைக்க வேண்டும். வீட்டின் ஒரு பாதி வெட்டிய தரையிலும் மறுபாதி கொட்டிய மண்ணிலும் உட்கார்ந்தால், சரியாக அந்த எல்லையில் சுவர் குறுக்கே விரிசல் விடும்.

என்னைக் கேட்டால் மூன்றாவது வழி. வீட்டில் முழங்கால் வலிக்காரர் இருந்தால் இரண்டாவது.

மென்பொருள் ஊழியர், காஞ்சிபுரம் – சென்னை தினசரி ரயில் பயணி
கேள்வி: இன்ஜினியர் மூன்று தரைப்படம் கொடுத்திருக்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: எதையும் இப்போது தேர்ந்தெடுக்காதீர்கள், தம்பி. சாலையிலிருந்து பின்எல்லை வரை வீட்டை நெடுக வெட்டிப் பார்த்தால் எப்படித் தெரியும் என்று ஒரு வெட்டுப்படம் கேளுங்கள். இயற்கைத் தரை ஒரு கோடு, வீட்டுத் தரை ஒரு கோடு, சாலை மட்டம் ஒரு புள்ளி, சாக்கடை மூடி ஒரு புள்ளி. அந்தப் படத்தைத் தயங்காமல் வரைந்து கொடுப்பவரிடம் வீட்டை ஒப்படையுங்கள்.

பட்டு நெசவாளர், பிள்ளையார்பாளையம்
கேள்வி: பரம்பரையாகக் குழித்தறி. ஐப்பசி, கார்த்திகையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறி, வேலை நின்றுவிடுகிறது. இப்போது ஊருக்கு வெளியே வாங்கிய மனையில் வீடும் தறியும் சேர்த்துக் கட்டப் போகிறோம். மனை மூன்றரை அடி சரிவு. தறியை மேட்டுப் பக்கம் வைத்தால் தண்ணீர் வராது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். சரிதானே?

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கம் முழுவதையும் கொடுக்கலாம், ஐயா. வீட்டில் சொல்வது நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனாலும் தறி பள்ளத்துப் பக்கம் வர வேண்டும் என்பேன்.

மேட்டுப் பக்கம் பேஸ்மட்டத்தின் உயரம் குறைவு. இரண்டரை, மூன்றடிக் குழி எடுத்தால் அதன் பெரும்பகுதி இயற்கைத் தரைக்குள் இறங்கும். மேலிருந்து மண்ணுக்குள் வடிந்து வரும் மழைநீர் முதலில் சந்திப்பது உங்கள் குழியைத்தான். பள்ளத்துப் பக்கத்தில், வீட்டின் தரையை ஒரே மட்டமாக வைத்தால், பேஸ்மட்டம் நான்கடியைத் தாண்டி நிற்கும். அங்கே குழியைத் தோண்டவே வேண்டியதில்லை. பேஸ்மட்டத்துக்கு மண் நிரப்பும்போது குழியின் இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் சுவர் எழுப்பினால், குழியின் அடித்தளமே வெளித்தரைக்கு மேலே இருக்கும். வெளித்தரைக்கு மேல் நிற்கும் குழியில் ஊற்றுத் தண்ணீர் எங்கிருந்து வரும்? உங்கள் பாட்டன் காலத்திலிருந்து வரும் தொல்லைக்கு இந்தச் சரிவு மனை ஒரு வழி கொடுக்கிறது. நிரவிச் சமமாக்கினால் அது போய்விடும்.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. குழியின் சுவரும் தறியின் கால்கள் நிற்கும் இடமும் இயற்கைத் தரையிலிருந்தே எழும்ப வேண்டும், நிரப்பிய மண்ணின் மேல் அல்ல. மண் ஒரு பக்கம் கால் அங்குலம் இறங்கினாலும் படைமரம் சாயும், பாவின் இழுவை ஒருபுறம் தளரும். அதைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழியின் அடியில் காங்கிரீட், சுவரில் நீர்புகாப் பூச்சு, ஒரு மூலையில் சின்ன வடிகுழாய், அதன் வாய் வெளியே பள்ளத்தைப் பார்த்து. குழாயின் வாயில் வலை போடுங்கள், எலியும் பூச்சியும் பட்டைத் தேடி வரும்.

மேட்டுப் பக்கம் வீட்டுச் சுவரை ஒட்டி ஓரடி அகல ஓடை எடுத்து, ஜல்லி நிரப்பி, துளையிட்ட குழாய் பதித்து, இரு பக்கமும் தண்ணீரைச் சுற்றி வெளியே விடுங்கள். மண்ணுக்குள் வரும் ஈரம் அங்கேயே பிரிந்துபோகும்.

ஜக்கார்டு பெட்டி ஏறும் உயரத்தைக் கொத்தனார் ஊகிக்கக் கூடாது. இப்போது இருக்கும் தறியைத் தரையிலிருந்து பெட்டியின் உச்சி வரை அளந்து, அட்டை மாற்ற ஆள் ஏறி நிற்கும் இடத்தையும் சேர்த்து, அந்த எண்ணை வரைபடத்திலேயே எழுத வையுங்கள். ஜன்னல் வடக்கில் கிடைத்தால் நல்லது. ஆண்டின் பெரும்பகுதி நேர்வெயில் படாமல் நாள் முழுவதும் ஒரே வெளிச்சம் கிடைக்கும், கோர்வை போடும் கண்ணுக்கு அது பெரிய உதவி. தறிக்கூடத்துக்கு வெளியிலிருந்து தனி வாசலும் பள்ளத்துப் பக்கம் வைக்கலாம். பட்டும் ஜரிகையும் கொண்டுவருபவர் சமையலறையைத் தாண்டி வர வேண்டியதில்லை.

இல்லத்தரசி, செவிலிமேடு
கேள்வி: மனை பார்க்க எந்த மாதம் நல்லது?

பதில்: ஐப்பசி. பெருமழை விட்ட மறுநாள் காலை. தரகர் சித்திரையில் கூட்டிப் போனால் போய் வாருங்கள், முன்பணத்தை மட்டும் ஐப்பசி வரை கொடுக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற எழுத்தர், பெரிய காஞ்சிபுரம்
கேள்வி: அப்பா கட்டிய வீடு அப்போது தெருவிலிருந்து இரண்டு படி மேலே. இன்று இரண்டு படி கீழே. சாலை போட்டுப் போட்டு உயர்த்திவிட்டார்கள். இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறேன். எவ்வளவு உயர்த்துவது?

பதில்: சாலையே உண்டாக்கிய சரிவு மனை உங்களுடையது. தமிழ்நாடு முழுக்க இந்த நிலைமை. 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய அடுக்கைப் போட வேண்டும், வீடுகளின் மட்டத்துக்கு மேல் சாலை உயரக் கூடாது என்று அறிவுறுத்தினார். உங்கள் தெருவில் அடுத்த முறை சாலை போட வரும்போது தெருவாசிகள் சேர்ந்து நின்று அதைக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

வீட்டு உயரத்தைச் சாலையின் நடுமுதுகிலிருந்து அளங்கள், ஓரத்திலிருந்து அல்ல. வாசல் தரை அதற்கு மேல் இரண்டடி இருக்கட்டும். கழிப்பறைத் தரை தெருவின் சாக்கடை மூடியைவிட மேலே இருந்தே ஆக வேண்டும். கீழே இருந்தால், குழாய் அடைத்துக்கொள்ளும் நாளில் தெருவின் கழிவு உங்கள் வீட்டுக்குள் எதிர்த்து வரும்.

அதற்காக ஐந்தடி உயர்த்திவிடலாம் என்று நினைக்காதீர்கள். பழைய மட்டத்திலேயே இருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்கள் மனைத் தண்ணீர் முழுவதும் போய்ச் சேரும். தெருவில் எல்லோரும் ஒருவரையொருவர் மிஞ்சி உயர்த்தினால், கடைசியில் கட்ட வசதி இல்லாதவர் வீட்டில்தான் தண்ணீர் நிற்கும். உங்கள் எல்லைக்குள் விழும் மழையை உங்கள் எல்லைக்குள்ளேயே இறக்குங்கள். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். பலர் அனுமதிக்காகப் பேருக்கு ஒரு குழாயைப் பதிக்கிறார்கள். நீங்கள் கிணறு அளவுக்குத் தோண்டுங்கள்.

வாசல் ஏற்றத்தைத் தெருவுக்குள் நீட்ட வேண்டாம். திண்ணைக்கு இடம் விட்டுப் படிகளை உள்ளே மடக்குங்கள். பெரிய காஞ்சிபுரத்தில் திண்ணை இல்லாமல் புது வீடு எழும்புவதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

மகள், வெளிநாட்டிலிருந்து
கேள்வி: அம்மாவுக்கு மூட்டுவலி. படியே இல்லாமல் நான்கடி ஏற முடியுமா?

பதில்: முடியும், இடம் இருந்தால். சக்கர நாற்காலிக்கு ஓரடி ஏற 12 அடி நீளம் வேண்டும். நான்கடிக்கு 48 அடி, நடுவில் நின்று மூச்சு வாங்கும் திருப்பங்கள் தனி. பல மனைகளில் அந்த நீளம் கிடைக்காது. அதனால் சாய்தளத்தை யோசிக்கும் முன் வாசலை யோசியுங்கள். மனையில் சாலைக்குச் சமமான ஒரு பக்கம் இருக்கிறதா? அங்கே வாசலையும் அம்மாவின் அறையையும் குளியலறையையும் ஒரே மட்டத்தில் வைத்துவிட்டால் இறக்கத்தில் இருப்பதெல்லாம் மற்றவர்களுக்கு.

கட்டட மேஸ்திரி, வாலாஜாபாத்
கேள்வி: மனையை நிரப்பிவிட்டுச் சுற்றுச்சுவரை அப்படியே தாங்குசுவராக வைத்துக்கொள்கிறோம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் நான்கடி மண்ணைத் தாங்காதா?

பதில்: தாங்காது. வெயில் காலத்தில் தாங்குவதுபோல் நிற்கும். மழையில் மண் ஊறியதும் மண்ணின் எடையோடு தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து தள்ளும். 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் பெருமழையில் ஒரு வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் சரிந்து, கீழே இருந்த வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். சுவர் ஒருவருடையது, உயிர்கள் வேறு வீட்டுக்காரர்களுடையவை. உயரத்தில் இருப்பவர் கட்டும் ஒவ்வொரு சுவருக்கும் கீழே ஒரு குடும்பம் உறங்குகிறது.

கருங்கல் தாங்குசுவர் என்றால் அடி அகலம் உயரத்தில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை வேண்டும், மேலே போகப் போகக் குறையலாம். சுவருக்குப் பின்னால் ஓரடி கனத்துக்கு ஜல்லி. சுவரில் ஐந்தாறு அடிக்கு ஒன்றாகத் தண்ணீர் வெளியேறும் துளைகள். பூசும்போது அழகுக்காக அந்தத் துளைகளை அடைத்துவிடுகிறார்கள். அடைக்க விடாதீர்கள். உயரம் நான்கடியைத் தாண்டினால் கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கு இல்லாமல் கல் எடுக்க வேண்டாம். அந்தக் கணக்குக்கான செலவை வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நல்ல மேஸ்திரி சொன்னால் அவர்கள் கேட்பார்கள்.

வாசகர், காஞ்சிபுரம் அருகே ஒரு கிராமம்
கேள்வி: மேல்மனைக்காரர் மழைத்தண்ணீர் என் மனை வழியாக வருகிறது. மண்ணைப் போட்டு அடைத்துவிடலாமா?

பதில்: இயற்கையாக வடிந்து வரும் தண்ணீரை அடைக்கக் கூடாது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் அந்த உரிமையை மேல்நிலத்துக்காரருக்குக் கொடுக்கிறது. அவர் மாடித் தண்ணீரைக் குழாய் வைத்து உங்கள் பக்கம் திருப்பினால், அது இயற்கை வடிகால் ஆகாது, அதைத் தட்டிக் கேட்கலாம். அதே சட்டம் உங்களையும் காக்கிறது: பக்கத்து மனைக்காரர் உங்கள் எல்லையை ஒட்டி ஆழமாகத் தோண்டி, உங்கள் நிலம் சரியும்படி அதன் தாங்கலைப் பறிக்க முடியாது. வழக்குக்குப் போகும் முன் இருவரும் செலவைப் பகிர்ந்து எல்லையில் ஒரு வாய்க்கால் கட்டிக்கொள்ளுங்கள்.

ஜவுளி வியாபாரி, காந்தி ரோடு
கேள்வி: மனை கன்னி மூலையை நோக்கி இறங்குகிறது. அந்த மூலைதான் உயரமாக இருக்க வேண்டுமாம். நான்கடி மண் போட்டு உயர்த்தச் சொல்கிறார் வாஸ்து பார்ப்பவர்.

பதில்: நம்பிக்கையை நான் குறுக்கே வந்து கலைக்க மாட்டேன். உயரமும் பாரமும் தென்மேற்கில் வேண்டும் என்றால் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியை அங்கே ஏற்றுங்கள், வாஸ்து பார்ப்பவரே அதை ஒப்புக்கொள்வார். தொட்டியைத் தாங்கும் தூண்கள் மட்டும் கெட்டித் தரை வரை இறங்கட்டும். மண்ணைக் கொட்டி மேடாக்கிவிட்டால், மனையில் விழும் மழை வடகிழக்கே திரும்பும். அந்தப் பக்கம் அதற்குப் போக வழி இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஈசானி மூலையில் நிற்கப் போவது குளம்.

கல்லூரி மாணவி, ஏனாத்தூர்
கேள்வி: பல்லவர்கள் கைலாசநாதர் கோவிலில் ஈரத்தை எப்படிச் சமாளித்தார்கள்?

பதில்: கல்லைப் பிரித்து. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் எழுப்பிய அந்தக் கோவிலில் சிற்பம் செதுக்கிய மேல்பகுதி மணற்கல், அடித்தளம் கருங்கல். மணற்கல்லில் நுட்பமாகச் செதுக்கலாம், ஆனால் அது ஈரத்தை உறிஞ்சி உதிரும். பாரத்தையும் ஈரத்தையும் நேரே சந்திக்கும் இடத்தில் கருங்கல் நிற்கிறது. போய்ப் பார்க்கும்போது குனிந்து அடிவரிசையையும் பாருங்கள், அம்மா. வீடு கட்டுபவர்களுக்கும் அது பொருந்தும்: மழைத்தண்ணீர் தெறிக்கும் பேஸ்மட்டத்தின் வெளிமுகத்தைக் கருங்கல்லில் கட்டினால், செங்கல் மேலே ஈரமின்றி இருக்கும்.

அரசு ஊழியர், காஞ்சிபுரம்
கேள்வி: ஓய்வுக்குப் பிறகு கோத்தகிரியில் வீடு கட்டி இருக்க ஆசை. மலைச்சரிவில் எட்டு சென்ட் பேசியிருக்கிறோம். என்ன பார்க்க வேண்டும்?

பதில்: ஆசை நல்லது, ஐயா. ஆனால் கீழே கற்றுக்கொண்டது மேலே செல்லாது. இங்கே மட்டம் தப்பினால் வீட்டுக்குள் தண்ணீர் வரும். அங்கே மலையே வரும்.

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயலின் மழையில், நமக்குப் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில் தீபமலையின் அடிச்சரிவில் வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் மண்ணும் பாறையும் சரிந்தன. ஏழு பேர் இறந்தார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். நீலகிரியில் 2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பக்கம் எத்தனையோ இடங்களில் மண் சரிந்து, நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இலங்கையில் பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் 2014 அக்டோபர் 29 அன்று லயன் வீடுகள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று அங்குள்ள தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. இறந்தவர்கள் நம் மலையகத் தமிழர்கள். வேறு போக்கிடம் இல்லாததால் அங்கே இருந்தார்கள். உங்களுக்குத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

மனையில் நின்று கீழே தெரியும் காட்சியைப் பார்ப்பதற்கு முன் திரும்பி மேலே பாருங்கள். தலைக்கு மேல் தனிப்பாறை உட்கார்ந்திருக்கிறதா? மரங்களின் அடி வளைந்து மேல்பகுதி நிமிர்ந்திருந்தால், மண் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கக்கூடும். கோடையிலும் ஈரம் கசியும் இடம், சரிவில் பிறை வடிவ வெடிப்பு, மழையில் மட்டும் ஓடும் ஓடை, இவற்றில் ஒன்று இருந்தாலும் வேறு மனை பாருங்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நிலச்சரிவு அபாய வரைபடங்களைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறது. உங்கள் மனை எந்த நிறத்தில் விழுகிறது என்று பொறியாளரோடு உட்கார்ந்து பாருங்கள்.

அனுமதிக்கு மலைப்பகுதிப் பாதுகாப்பு அமைப்பான ஹாகா என்ற பெயரைக் கேள்விப்படுவீர்கள், 1990இல் அமைத்தது. அதன் எல்லைக்குள் வரும் கிராமம் என்றால் புவியியல், வேளாண் பொறியியல் துறைகளின் தடையின்மைச் சான்றும் கேட்பார்கள். நீலகிரியில் ஜேசிபி ஓட்டவே மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். கட்டட உயரத்துக்கும் வரம்பு உண்டு. "எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்பவரிடமிருந்து மனை வாங்காதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், வீட்டை எப்படி வைப்பது? அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களைப் பாருங்கள். படுகர் ஊர்களில் வீடுகள் மலையின் சம உயரக் கோட்டை ஒட்டி வரிசையாக நிற்கும், முன்னால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு நீண்ட முற்றம். நீளம் மலைக்குக் குறுக்கே, அகலம் குறைவு. வெட்ட வேண்டிய மண் மிகக் குறைவு. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வீடு கட்டும் செலவைக் குறைப்பது பற்றிப் படங்களோடு எழுதிய சிறு நூலிலும் இதைத்தான் சொன்னார். பித்தோரகரில் இமயமலைச் சரிவில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். பிறகு திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் பாறைச் சரிவு ஒன்றிலேயே தன் வீட்டையும் கட்டிக்கொண்டார். பாறையையும் மரத்தையும் அகற்றாமல், படிப்படியாக இறங்கும் வீடு. கேரளம் போகும்போது பார்க்க முடிந்தால் பாருங்கள்.

இளைஞர், உத்திரமேரூர்
கேள்வி: இப்போது வீட்டு அனுமதி ஆன்லைனில் உடனே கிடைக்கிறதே, இவ்வளவு யோசிக்க வேண்டுமா?

பதில்: 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை: 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் ஒரு மாடியும் கட்ட உடனடி அனுமதி. நடுத்தரக் குடும்பங்களுக்கு மிகவும் நல்ல ஏற்பாடு. அனுமதி உடனே வருகிறது என்றால், உங்கள் மனையின் மட்டத்தை வந்து பார்க்க யாரும் இல்லை என்றும் பொருள். அதனால் யோசனை இன்னும் கூடுதலாக வேண்டும்.

தந்தை, சின்ன காஞ்சிபுரம்
கேள்வி: எனக்கு இரண்டு மகன்கள். நாற்பதுக்கு அறுபது மனை, சாலையிலிருந்து பின்னோக்கிச் சரிவு. பெரியவனுக்கு முன்பாதி, சின்னவனுக்குப் பின்பாதி என்று பிரித்துக் கொடுத்துவிட நினைக்கிறேன். இருவரும் தனித்தனியாகக் கட்டிக்கொள்ளட்டும்.

பதில்: அப்படிப் பிரித்தால் மேடும் சாலையும் பெரியவருக்கு, பள்ளமும் சந்தும் சின்னவருக்கு. அண்ணன் வீட்டு மழைத்தண்ணீர் தம்பி வீட்டுக்குப் போகும், தம்பி வீட்டுக் கழிவுநீர் அண்ணன் வீட்டைத் தாண்டி மேலேறிப் போக வேண்டியிருக்கும். நீங்கள் இருக்கும் வரை யாரும் பேச மாட்டார்கள்.

நீளவாக்கில் பிரியுங்கள். ஆளுக்கு இருபது அடி அகலம், அறுபது அடி நீளம். இருவருக்கும் சாலை, மேடு, பள்ளம் எல்லாம் சமம். இருபது அடியில் தனி வீடு நெருக்கம் என்று தோன்றினால் இடையில் பொதுச்சுவர் வைத்து ஒட்டிக் கட்ட அனுமதி கிடைக்குமா என்று மாநகராட்சியில் கேளுங்கள். இல்லையென்றால் மனையைப் பிரிக்காமல் ஒரே கட்டடம், ஆளுக்கு ஒரு தளம்.

எப்படிப் பிரித்தாலும் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் பரப்பளவோடு நிறுத்தாதீர்கள். மழைநீர் எந்த எல்லை வழியாக வடியும், கழிவுக் குழாய் எந்த இடத்தில் எந்த ஆழத்தில் போகும், அடைத்தால் யார் செலவில் திறப்பது, படிக்கட்டும் கிணறும் யாருக்கு எவ்வளவு, எவரும் தன் பங்கை எத்தனை அடிக்கு மேல் மண் போட்டு உயர்த்தக் கூடாது, எல்லாவற்றையும் எழுதுங்கள். டியூப் லெவல் வைத்து எடுத்த அந்த ஒரு தாளில் மகன்கள் இருவரும் கையெழுத்துப் போடட்டும். அதையும் பத்திரத்தோடு சேர்த்தே பதிவு செய்யுங்கள், மருமகள்களும் படித்துப் பார்த்த பிறகு.